கொடுத்தவரும் குற்றவாளியே!



"வந்தவர் கேட்டார், கொடுத்தோம். நம் மேல் என்ன தப்பு?" என்று மாமூல் விஷயத்தில் நாம் சொல்வது வழக்கம். மல்லாங்கிணற்றில் மொத்தக் கடை நடத்தும் நாமும் அப்படி இருந்தவர்களே. தராசு முத்திரைக்கு வந்த ஒருவர் ரசீதுக்கு மேல் கேட்டதைப் பேசாமல் கொடுத்தோம். இன்று அப்படி இருக்க முடியாது.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 24-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. லஞ்சம் கொடுத்ததாக ஒருவர் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே வழக்குப் போடாதபடி அது காத்தது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தப்ப இரண்டே வழி. கட்டாயப்படுத்தியதால் கொடுத்திருந்தால், 7 நாட்களுக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். அதைவிட நல்லது, கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புப் போலீசாரிடம் புகார் செய்வது. விருதுநகரிலேயே அவர்கள் பிரிவு இருக்கிறது. அவர்கள் நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலின் பொடி தடவி, சாட்சியுடன் நம்மை அனுப்புவார்கள். வாங்கிய கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாக மாறும்.

கை சிவந்தால் மட்டும் போதாது. அவர் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். 2000-ஆம் ஆண்டில் டெல்லியில் கடைக்கு மின்மீட்டர் வைக்க 10,000 ரூபாய் கேட்டதாக ஒரு வழக்கு. சாட்சி சொல்லும் முன் புகார்தாரர் இறந்துவிட்டார். புகார்தாரர் இல்லாவிட்டாலும், பிறழ்ந்தாலும், மற்ற சாட்சியங்களால் நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தனர். ஆனால் அந்த வழக்கிலேயே, கேட்டதற்குப் போதிய சாட்சியம் இல்லையென்று 2023 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

ஆகவே யார், எந்தத் தேதியில், என்ன வேலைக்கு, எவ்வளவு கேட்டார் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். புகார் செய்தபின் கோர்ட்டில் பின்வாங்காதீர்கள். தனியே போகத் தயங்குபவர் சங்கத்தாரை அழைத்துக்கொண்டு போகலாம். கடன் பாக்கிக்குக் கெடு சொல்லிப் பழகிய நமக்கு இந்த 7 நாள் கெடு மறக்கலாகாது.