ஆக்சிஜன் இருந்தா அண்டத்துக்கு வயசு கூடிடுமா?

2023-ல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜேந்திர குப்தா, பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டு அல்ல, 2670 கோடி ஆண்டு என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டும் ஆதிகால கேலக்ஸிகள் வயசுக்கு மீறி வளர்ந்திருக்கின்றன. வளர நேரம் பத்தலை, அதனால நேரத்தைக் கூட்டணும் என்பது வாதம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஒரே ஒரு கேலக்ஸியை வெச்சு இதைச் சோதிச்சுப் பார்ப்போம்.

அதன் பெயர் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 (பேர் வைக்கிறதுல விண்வெளி ஆய்வாளர்களுக்கு ரசனை கம்மி). 2024-ல் அறிவிக்கப்பட்டது. அதன் ஒளியை வெப் பிரித்துப் பார்த்தபோது, 1.85 மைக்ரான் வாக்கில் ஒரு விளிம்பு. அதற்குக் கீழே இருட்டு. ஹைட்ரஜன் வாயு 0.1216 மைக்ரானுக்குக் கீழே உள்ள புறஊதா ஒளியை விழுங்கிவிடும். அந்த விளிம்புதான், அண்டம் விரிய விரிய இழுபட்டு அகச்சிவப்புக்கு வந்திருக்கு. வகுத்துப் பாருங்க: சுமார் 15 மடங்கு. ஒளியில் நேரடியா எழுதியிருப்பது இந்த 15 மட்டும்தான். வழக்கமான அண்டவியல் கணக்கில் போட்டால், ஒளி கிளம்பினது பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 30 கோடி ஆண்டில்.

2025-ல் சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, இரண்டு குழுக்கள் இதே கேலக்ஸியில் ஆக்சிஜனைக் கண்டுபிடிச்சாங்க. இங்கேதான் சிக்கல். பெருவெடிப்பில் ஆக்சிஜன் உண்டாகல. அது விண்மீனின் வயிற்றில் வெந்து, விண்மீன் செத்த பிறகு வெளியே வரணும். நம்ம சூரியனுக்கு ஆயுசு 1000 கோடி ஆண்டு. அப்போ 30 கோடி எப்படிப் போதும்?

போதும். கனமான விண்மீன் ஊதாரி. சூரியனைப் போல 20 மடங்கு எடை இருந்தால், சுமார் ஒரு கோடி ஆண்டிலேயே எரிபொருளைத் தீர்த்துட்டு வெடிச்சிடும். 30 கோடியில் எத்தனை தலைமுறை வேணும்னாலும் வாழ்ந்து முடியலாம். இந்தக் கேலக்ஸி ஏன் இவ்வளவு பிரகாசம், வாயு எப்படி இத்தனை வேகமா விண்மீன்களாச்சு என்பது நிஜமான புதிர்தான். ஆனா அது விண்மீன் பிறப்பு பற்றிய கேள்வி. அண்டத்தின் வயது பற்றியது இல்ல.

1380 கோடி என்ற எண் வருவது பெருவெடிப்பின் மிச்ச ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவிலிருந்து. அதை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கு. நம் பால்வழியைச் சுற்றியுள்ள கோளக விண்மீன் கொத்துகளில் மிக மூத்தவற்றுக்கு 1300 கோடி ஆண்டு வாக்கில் வயது வருது. சூரியனைவிட எடை குறைந்த விண்மீன்கள் சிக்கனமா எரிஞ்சு அதைவிட நெடுங்காலம் தாங்கும். அண்டம் 2670 கோடி ஆண்டு பழசுன்னா, 2000 கோடி வயசுக் கொத்து ஒண்ணாவது கண்ணில் பட்டிருக்கணும். பட்டதில்லை.