கோள்களின் பாதை ஏன் நீள்வட்டமாகிறது?

விண்பொருள்கள் குறையற்ற வட்டத்திலேயே இயங்கும் என்னும் கருத்து, கிரேக்க அறிஞர் காலந்தொட்டுக் கோப்பர்னிக்கஸ் வரை அசைக்க முடியாத கொள்கையாக நிலவியது. தொலைநோக்கி தோன்றுவதற்கு முன் டைக்கோ பிராகி ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்த செவ்வாயின் இருப்பிடங்களை ஆராய்ந்த ஜோகன்னஸ் கெப்ளர், வட்டத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு 8 கலை (ஒரு பாகை என்பது 60 கலை) பிசகுவதைக் கண்டு, அச்சிறு பிழையையும் ஒதுக்கிவிட மனமின்றி உழைத்து, செவ்வாயின் பாதை நீள்வட்டமே என்று 1609-இல் வெளியிட்டார்.

நீள்வட்டத்தினுள் குவியங்கள் எனப்படும் இரு புள்ளிகள் உள்ளன. வளைகோட்டின் எந்த இடத்திலிருந்தும் இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவுகளைக் கூட்டினால் ஒரே அளவே கிடைக்கும். சூரியன் ஒரு குவியத்தில் அமைந்திருக்க, மற்றது வெற்றிடமாகவே இருக்கிறது.

இதற்கான காரணத்தை 1687-இல் விளக்கியவர் ஐசக் நியூட்டன். சூரியனின் ஈர்ப்பு, தொலைவு இருமடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பூமி இருக்கும் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் ஒரு பொருள் வட்டத்தில் சுற்ற வேண்டுமானால், அது சூரியனை நோக்கிய கோட்டுக்குச் செங்குத்தாக, நொடிக்கு 29.8 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். வேகம் சற்றுக் குறைந்தால் பொருள் உள்நோக்கி விழத் தொடங்கும். ஆனால் சுழற்சியின் அளவாகிய கோண உந்தம் மாறாதாகையால், தொலைவு குறையக் குறையப் பக்கவாட்டு வேகம் பெருகி, மிக அண்மைப் புள்ளியில் அங்குள்ள வட்டப்பாதைக்குத் தேவையானதையும் விஞ்சிவிடவே, அது மீண்டும் வெளிநோக்கி விலகுகிறது. விலகும்போது வேகம் தளர்ந்து மறுபடியும் உள்ளே இழுக்கப்படுகிறது. இவ்வாறு உள்ளே வந்து வெளியே செல்லும் காலமும் சூரியனை ஒருமுறை சுற்றும் காலமும் மேற்கூறிய ஈர்ப்பு விதியின்கீழ் சரிநிகராக அமைவதால்தான், பாதை தொடங்கிய இடத்திலேயே முடிந்து நீள்வட்டமாகிறது. பூமியின் தொலைவில் வேகம் நொடிக்கு 42.1 கிலோமீட்டரை எட்டினால் பாதை மூடாது. பொருள் திரும்பி வராது.

ஆகவே, வேகமும் திசையும் இம்மியும் பிசகாமல் பொருந்தும் ஒரே நிலைக்குரியது வட்டம். எஞ்சிய மூடிய பாதைகள் அனைத்தும் நீள்வட்டங்களே. கோள்களின் நீள்வட்டங்கள் வட்டத்தை ஒத்திருப்பதற்குக் காரணம், அவை சூரியனைச் சுற்றிச் சுழன்ற வாயுவும் தூசியும் நிறைந்த தட்டிலிருந்து உருவானபோது, மிகுதியாக நீண்ட பாதைகள் மோதல்களாலும் உராய்வாலும் சீர்பட்டதே ஆகும். செவ்வாய் சூரியனிலிருந்து 20.7 கோடி கிலோமீட்டருக்கும் 24.9 கோடி கிலோமீட்டருக்கும் இடையே ஊசலாடுகிறது. பூமியோ ஜனவரித் தொடக்கத்தில் 14.7 கோடி கிலோமீட்டரிலும் ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டரிலும் இருக்கிறது; ஆகையால் வடகோளத்தின் கோடைக்குக் காரணம் சூரியனின் அண்மை அன்று, பூமியின் அச்சுச் சாய்வே.