120 ஜிபி கல்யாணம் அமெரிக்கா போவது எப்படி?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பேசிக்கொண்டே பார்ப்போம். தி. நகரில் பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வீடியோக்காரர் எல்லாவற்றையும் 120 ஜிபி-யாக ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். நியூ ஜெர்சியில் இருக்கும் சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள். எந்த ஆப்பில் அனுப்பலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும்.

ஃபைலின் அளவை பைட்டில் சொல்கிறோம். இணைய வேகத்தை பிட்டில் விற்கிறார்கள். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி-தான். அந்த வேகம் குறையாமல் ஓடினாலும் 120 ஜிபி போய்ச் சேர 2 மணி 40 நிமிடம் ஆகும். பல இணைப்புகளில் டவுன்லோட் வேகமாக இருக்கும், அப்லோட் மெதுவாக இருக்கும். லாரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் ஹோஸ் பைப் விடுகிற அளவுதானே சம்ப்பில் விழும்? அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் இதே வேலைக்கு 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே முதலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு அப்லோட் எண்ணைப் பாருங்கள்.

இனி வழிகள். ஜிமெயிலில் 25 எம்பி-க்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும். ஆனால் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், ‘டாகுமென்ட்’ என்று அனுப்ப வேண்டும். முகூர்த்தத் துண்டை மட்டும் இன்றைக்கே காட்ட அது போதும். முழுவதும் போக வேண்டுமென்றால் கூகுள் டிரைவ் போன்ற இடம்தான். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி-யில் உங்கள் மெயிலும் போட்டோவும் அடக்கம் என்பதால், 200 ஜிபி திட்டத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டாதீர்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, ஜிப் செய்வதால் குறையாது. நிகழ்ச்சிவாரியாகத் தனித்தனி ஃபைலாக வைத்தால், பாதியில் கரண்ட் போனாலும் ஒன்றை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

பெரிய ஃபைலை அனுப்புவதே தொழிலாக உள்ளவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 1986-இல் ரியல் இமேஜ் என்று தொடங்கிய சென்னை நிறுவனத்திலிருந்து வளர்ந்ததுதான் கியூப் சினிமா. தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் படத்தில் காட்சி மட்டுமே நொடிக்கு 250 மெகாபிட் வரை இருக்கலாம். இரண்டரை மணி நேரப் படம் அந்த உச்சத்தைத் தொட்டால் சுமார் 280 ஜிபி. அதை வட்டிலும் அனுப்புகிறார்கள், இணையத்திலும் அனுப்புகிறார்கள். படம் பூட்டப்பட்டுத்தான் போகும். திறக்கும் சாவி தனியாக, குறிப்பிட்ட தியேட்டருக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் போகும். வழியில் யார் கையில் சிக்கினாலும் பயனில்லை. நாமும் டிரைவ் லிங்க்கை ‘யார் வேண்டுமானாலும்’ என்று திறந்து விடாமல், பெறுபவரின் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும்.

அப்லோட் மிக மெதுவா? அந்தப் பக்கம் போகிற உறவினரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தனுப்புங்கள். அது பழைய பாணி என்று தயங்க வேண்டாம். கருந்துளையின் முதல் படத்துக்காக 2017-இல் தொலைநோக்கிகள் திரட்டிய தரவு இணையத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாத அளவு பெரிது. ஹார்ட் டிஸ்க்குகளை விமானத்தில்தான் கொண்டுபோனார்கள். தென்துருவத்து வட்டுகள் குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தன.

எந்தச் சேவையும் நிரந்தரமில்லை. பெரிய ஃபைல்களை அனுப்ப உதவும் வீட்ரான்ஸ்ஃபர் தளத்தை 2020 மே மாதம் முடக்கும்படி இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆகவே லிங்க் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே இறக்கி, ஃபைல் அளவை ஒப்பிட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லும்வரை இங்கே ஹார்ட் டிஸ்க்கில் எதையும் அழிக்காதீர்கள்.