உண்டதை எழுதும் பழக்கம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆனால் கறியாகச் சமைத்து உண்ட சுரைக்காயை அன்றன்று ஏட்டில் எழுதி வைத்தால், அஃது உடம்புக்கு உதவும் என்பதை என் அனுபவத்தில் கண்டேன். நாள்தோறும் உண்பவற்றைக் குறித்து வைப்பதால் உடல் எடை எவ்வாறு கட்டுப்படுகிறது, அப்பழக்கத்தை இடைவிடாது காப்பது ஏன் கடினமாயிருக்கிறது, அக்கடினத்தை எவ்வாறு வெல்வது என்னும் மூன்றையும் குறித்து இன்று பேச விரும்புகிறேன்.

நான் 2017-ஆம் ஆண்டு தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். பள்ளியில் இருந்தவரை மாடிப்படி ஏறுவதும் வகுப்பு வகுப்பாகச் செல்வதுமாகக் கால்களுக்கு வேலை இருந்தது. ஓய்வு வந்தபின் நாற்காலி மிஞ்சியது. பசி மட்டும் பழையபடியே இருந்தது. ஓராண்டுக்குள் என் எடை 83 கிலோ ஆயிற்று. என் உயரம் 165 சென்டிமீட்டர். அவ்வுயரத்திற்கு இது மிக அதிகம். அதே காலத்தில் என் தமையனார் சர்க்கரை நோயால் வலக்காலைப் பாதத்தோடு இழந்தார். மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பற்றிக்கொண்டு, “தம்பி, எனக்கு எவரும் சொல்லாமல் இல்லை, நான்தான் கணக்குப் பார்க்கவில்லை” என்றார். அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

முதல் வாரம் எதையும் குறைக்கவில்லை. உண்டதை உண்டபடியே எழுதினேன். நாளொன்றுக்கு நான்கு முறை காப்பி அருந்துவது என் வழக்கம். டம்ளர் ஒன்றுக்குச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று கொண்டால் நாளைக்கு 40 கிராம். மாதத்திற்கு 1,200 கிராம். ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றே குறைந்த சர்க்கரையைக் காப்பியின் வழியாக மட்டுமே உட்கொண்டு வந்திருக்கிறேன்! ஒருவர் கேட்டிருந்தால், “நான் இனிப்பே தொடுவதில்லை” என்று மனமார உரைத்திருப்பேன்.

அடுத்து எண்ணெயைக் கவனித்தேன். வீட்டில் நானும் என் மனைவியும் இருவர். மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவாயிற்று. மூன்று லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 2,750 கிராம். இருவருக்கும் முப்பது நாளுக்குமாக அறுபதால் வகுத்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் வருகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆகவே எண்ணெயிலிருந்து மட்டும் நாளொன்றுக்கு நானூறு கலோரிக்கு மேல். வாணலியில் ஊற்றும்போது எவரும் இதனை எண்ணுவதில்லை. எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் கண்ணுக்குப் புலனாகிறது.

இவ்வகைக் கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் நம் நாட்டிலேயே உண்டு. நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் இயங்கிய ஆய்வுக்கூடத்தின் இயக்குநராயிருந்த அய்க்ராய்டு என்னும் அறிஞர், இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பற்றிய கையேட்டை 1937-இல் வெளியிட்டார். அந்நிறுவனம் பின்னர் ஐதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அரிசி, பருப்பு, கீரை, மீன் என நாம் உண்ணும் பொருள்களின் சத்துக்களை அளந்து 2017-இல் புதிய அட்டவணைகளையும் அது வெளியிட்டிருக்கிறது. கைப்பேசியில் இக்கணக்கைச் செய்து தரும் செயலிகளும் இப்போது உள்ளன. எனக்குப் பழகியது நோட்டுப் புத்தகமும் பென்சிலும். உங்களுக்கு எது எளிதோ அதனைக் கொள்ளலாம்.

எழுதாமலே நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது, நம் நினைவு வயிற்றின் பக்கம் சாய்ந்த நீதிபதி. 1992-இல் அமெரிக்க மருத்துவ அறிஞர்கள், தாங்கள் மிகக் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரைச் சோதித்தனர். அவர்கள் உண்மையில் உட்கொண்ட அளவைக் கருவிகளாலும் விஞ்ஞான முறைகளாலும் கணித்து, அவர்கள் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டனர். உண்டதில் ஏறத்தாழப் பாதி அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. அவர்கள் வேண்டுமென்றே பொய்யுரைத்தவர்கள் என்று எண்ண வேண்டுவதில்லை. போகிற போக்கில் வாயிலிட்ட கடலை, பேரக் குழந்தை மிச்சம் வைத்த சோறு, ருசி பார்த்த ஒரு கரண்டிப் பாயசம் ஆகியவற்றை மனம் உணவென்றே மதிப்பதில்லை.

இவ்வுண்மை என்னையும் தலைகுனிய வைத்தது. நான் பணியில் இருந்தபோது ஓர் இளம் ஆசிரியர், வாரம் முழுவதற்குமான வருகைப் பதிவை வெள்ளிக்கிழமை மாலை ஒரேயடியாக எழுதி முடித்தார். அவரை அழைத்து, “பார்க்காமல் எழுதிய வருகை வருகையாகாது” என்று கண்டித்து விளக்கமும் கேட்டேன். நோட்டு எழுதத் தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு இரவு, வெள்ளி, சனி இரு நாளுக்கும் சேர்த்து நானே நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி தோளுக்குப் பின்னிருந்து பார்த்து, “ஏங்க, நேற்று நாலு மணிக்குச் சாப்பிட்ட சீடையை எழுதலையா?” என்றாள். நான் எழுதவில்லை. மறந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல இயலவில்லை. சீடை என் நினைவில் நன்றாகவே இருந்தது. அப்பக்கம் அழகாயிருக்க வேண்டுமென்று அதனை விட்டிருந்தேன். அந்த இளம் ஆசிரியர் கண்முன் வந்து நின்றார். அன்று முதல் ஒரு விதி செய்துகொண்டேன்: எழுதாத நாளை வெறுமையாகவே விட வேண்டும், கற்பனையால் நிரப்பலாகாது. வெற்றிடம் ஒரு குறைபாடுதான். பொய்ப் பதிவோ முழு நோட்டையும் பயனற்றதாக்கி விடும்.

இனி, இப்பழக்கம் ஏன் நிலைப்பதில்லை என்பதைப் பார்ப்போம். ஓராண்டில் நான் 8 கிலோ குறைந்து 75 கிலோவுக்கு வந்தேன். அப்போது என் மகளின் திருமணம் வந்தது. விருந்தும் பந்தியுமாயிருந்த அந்த வாரம் எழுதவில்லை. ஒரு வாரம் விட்டபின் நோட்டைத் திறக்கவே கூச்சமாயிருந்தது. “திங்கட்கிழமை தொடங்கலாம்” என்றேன்; பிறகு “மாதப் பிறப்பில் தொடங்கலாம்” என்றேன். இவ்வாறு நான்கு மாதங்கள் சென்றன. எடை 79 ஆயிற்று. கல்யாண விருந்து ஒரு வாரத்தில் செய்த தீங்கு சிறிது. வெட்கம் நான்கு மாதத்தில் செய்த தீங்கே பெரிது. ஒரு நாள் பள்ளிக்கு வராத மாணவன், மறுநாள் வந்தால் அடிப்பார்களே என்றஞ்சி மாதக் கணக்கில் நின்றுவிடுவதை நாம் கண்டதில்லையா? அவனை மீண்டும் வரச் செய்ய வேண்டுமானால், வந்தவுடன் விசாரணை செய்யாமல் உட்காரச் சொல்ல வேண்டும். நம்மிடத்தும் நாம் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும்.

இவ்வனுபவத்தால் நான் கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உண்டவுடனே எழுதுவது. இயலுமானால் உண்பதற்கு முன்னரே எழுதுவது. “பஜ்ஜி நான்கு” என்று முன்கூட்டி எழுதும் கை, பல சமயம் நான்கை இரண்டாகத் திருத்தி விடுகிறது. எழுதுவதன் முக்கியப் பயனே இதுதான். கைக்கும் வாய்க்கும் இடையில் ஒரு கணம் சிந்தனை புகுகிறது.

இரண்டாவது, அளவை எளிதாக்குவது. தராசைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போக முடியாது. நான் எங்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டி, குழம்புக் கரண்டி, கிண்ணம் ஆகியவை எவ்வளவு கொள்ளும் என்று ஒரே ஒருமுறை நிறுத்துப் பார்த்து, நோட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பின்பு “சோறு இரண்டு கரண்டி” என்றால் போதுமானது. வெளியிடங்களில் உத்தேச அளவை எழுதலாம். உத்தேசமென்று தெரிந்து எழுதுவதில் பிழையில்லை.

மூன்றாவது, அடுத்தடுத்து இரு நாள் வெறுமையாக விடாமலிருப்பது. ஒரு நாள் தவறுவது மனித இயல்பு. மறுநாள் ஒரு வரியாவது எழுதிவிட்டால் சங்கிலி அறுவதில்லை.

நான்காவது, வாரம் ஒருமுறை ஆய்வு. எழுதியதைத் திரும்பிப் பாராதவன், விடைத்தாளைத் திருத்தாமல் கட்டி வைத்த ஆசிரியனுக்கு ஒப்பாவான். ஞாயிறு காலை வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறிக்கிறேன். மாலையில் ஏழு பக்கங்களையும் படித்து, அடுத்த வாரத்திற்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்துகொள்கிறேன். ஒரு வாரம் காப்பிச் சர்க்கரை பாதியாயிற்று. இன்னொரு வாரம் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னேறியது. பத்துச் சீர்திருத்தங்களை ஒரே நாளில் தொடங்குபவர் பதினோராம் நாள் ஒன்றையும் செய்வதில்லை.

எடையைப் பற்றி ஒரு சொல். நாளுக்கு நாள் எண் ஏறி இறங்குவதைக் கண்டு மனம் கலங்க வேண்டாம். இத்தாலிய நாட்டுப் பதுவா நகரில் பேராசிரியராயிருந்த சாந்தோரியோ என்னும் மருத்துவர், பெரிய தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தம்மையும் தாம் உண்டதையும் கழித்ததையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தவர். அம்முடிவுகளை 1614-இல் நூலாக வெளியிட்டார். உட்கொண்டதில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக உடலிலிருந்து வெளியேறுகிறது என்று அவர் கண்டார். நேற்றைய ஊறுகாய் உப்பும், குடித்த நீரும், கழியாத மலமும் இன்றைய எடையில் சேர்ந்தே நிற்கின்றன. ஆதலால் ஒரு நாள் எண்ணை நம்பாமல், நான்கு வாரப் போக்கைப் பார்க்க வேண்டும்.

மேலும், உடல் இளைக்க இளைக்க அதற்குத் தேவைப்படும் சக்தியும் குறைகிறது. முதல் இரண்டு மாதத்தில் நான்கு கிலோ குறைத்த அதே உணவு, பின்னர் ஒரு கிலோவும் குறைக்காமல் நின்றுவிடலாம். பலர் நோட்டைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். நியாயமாகப் பார்த்தால், எடை ஏறாமல் நிற்பதே நோட்டின் வெற்றி.

இம்முறைக்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு எடை குறைந்திருந்தனர். எழுதியதனால் இளைத்தார்களா, இளைக்கும் உறுதி உடையவர்கள் எழுதினார்களா என்று நீங்கள் கேட்பது நியாயமே. இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். 2019-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, எழுத ஆகும் நேரத்தைக் கணக்கிட்டது. முதல் மாதத்தில் நாளொன்றுக்கு 23 நிமிடம் செலவிட்டவர்கள், ஆறாம் மாதத்தில் 15 நிமிடத்திற்கும் குறைவாகவே செலவிட்டனர். பழகப் பழகச் சுமை குறைகிறது. நெடுநேரம் எழுதுவதைக் காட்டிலும் அடிக்கடி எழுதுவதே பயன் தந்தது என்றும் அவ்வாய்வு காட்டிற்று.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இது எல்லோருக்கும் ஏற்ற மருந்தன்று. வளரும் பிள்ளைகளின் தட்டைக் கணக்குப் பார்க்கலாகாது. கர்ப்பிணிகளும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆபத்து. சிலருக்கு எண்களைப் பார்க்கப் பார்க்க உணவின்மேல் அச்சமே உண்டாகிறது. ஒரு தோசைக்காக இரவெல்லாம் வருந்துகிறார்கள். அத்தகையோர் நோட்டை மூடிவிட்டு மருத்துவரை நாடுவதே நல்லது. கணக்கு நமக்குப் பணியாளாக இருக்க வேண்டும், எசமானனாகிவிடக் கூடாது.

வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கவளத்தையும் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் எடை நிலைபெற்றபின் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் எழுதுகிறேன். ஞாயிறு எடையை மட்டும் விடுவதில்லை. இரண்டு கிலோ ஏறினால் மறுபேச்சின்றி அன்றாட எழுத்துக்குத் திரும்பிவிடுகிறேன். சில ஆண்டுகளாக என் எடை 74-க்கும் 76-க்கும் இடையே நிற்கிறது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறளில் பாதிக்கு மேல் உணவைப் பற்றியே பேசுகிறார் என்பதன் பொருத்தம், பாடமாக நடத்திய காலத்தைவிட இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

என் தமையனாரும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மருத்துவர் சொன்ன அளவின்படி உண்டு, இரத்தச் சர்க்கரையின் அளவையும் அதன் பக்கத்தில் குறிக்கிறார். வாரந்தோறும் தொலைபேசியில் எங்கள் கணக்கை ஒருவருக்கொருவர் ஒப்புவித்துக் கொள்கிறோம். “இன்னொரு கால் இருக்கிறதே தம்பி, அதற்காக எழுதுகிறேன்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் சிரிப்பதில்லை, என் நோட்டை எடுத்து அன்றைய பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

நேயர்களே, உங்கள் வீட்டில் பிள்ளைகள் பாதி எழுதிப் போட்ட பழைய நோட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். இன்றிரவு உண்டதை அதில் ஒரு வரி எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏழு நாள் கழித்து அதனைப் படித்துப் பாருங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த ஏழு பக்கங்களே உங்களுக்குச் சொல்லும்.