மௌனத்திற்குப் பின் எழுந்த புதினம்

கிறிஸ்தவக் காதல் புதினம் என்பது, ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் நாடும் கதையோடு அவர்கள் இறைவனை நாடும் கதையையும் சேர்த்துப் பின்னும் எழுத்து வகையாகும். கனடிய எழுத்தாளர் ஜேனட் ஓக் 1979இல் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' இவ்வகைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தது என்றாலும், எழுத்தாளரின் விடாமுயற்சிக்கு அமெரிக்கரான பிரான்சின் ரிவர்ஸே சிறந்த சான்று. பொதுவாசகருக்கான காதல் புதினங்களால் பெயர்பெற்றிருந்த அவர், 1980களின் நடுவில் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தழுவியபின் சில ஆண்டுகள் எழுத இயலாமல் தவித்து, அக்காலத்தை விவிலிய வாசிப்பில் செலவிட்டு, விலகிச் செல்லும் மனைவியை மீண்டும் ஏற்றுக்கொள்ளும் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் ஓசேயாவின் வரலாற்றைக் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்தில் பொருத்தி, 1991இல் 'ரிடீமிங் லவ்' புதினத்தை வெளியிட்டார். 2022இல் அது திரைப்படமானதைவிட, அச்சேறிவிட்ட நூலையே தம் நம்பிக்கைக்கு ஏற்பத் திருத்தி, 1997இல் கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றின் வழியாக அவர் மறுபடியும் வெளியிட்ட உழைப்பே போற்றுதலுக்குரியது.