தொட்டியில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்

மார்கழிக் குளிர் தொடங்கியதிலிருந்து பெங்களூர் மல்லேஸ்வரத்தில் உள்ள என் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான சொறியோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். போன வாரம் அப்பா, மகள், ஊரிலிருந்து வந்திருந்த மருமகன் என்று மூன்று பேர். இடுப்பிலும் தொடையிலும் சீழ்முனையோடு சிவப்புப் புள்ளிகள். தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று விதக் களிம்பு, ஒரு முறை வேப்பிலை அரைப்பு, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எல்லாம் முடிந்துவிட்டன. என்ன சாப்பிட்டீர்கள், எந்த சோப்பு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது மகள்தான் தயங்கிச் சொன்னாள்: "டாக்டர், சனிக்கிழமை ராத்திரி நாங்க மூணு பேரும் மொட்டை மாடித் தொட்டியில உட்கார்ந்திருந்தோம்."

அந்த ஒரு வரி முதல் நாளே என் காதில் விழுந்திருந்தால் மற்ற எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

1898இல் பிளேக் வந்துபோன பிறகு காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று திட்டமிட்டு வளர்ந்த பேட்டை மல்லேஸ்வரம். இங்கே பழைய வீடுகளின் குளியலறையில் ஹண்டே என்ற செப்பு வெந்நீர் அண்டா இருக்கும். நரக சதுர்த்தசிக்கு முந்தைய நாள் அதைப் புளி போட்டுத் துலக்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, புதுத் தண்ணீர் நிரப்புவதை ஒரு பண்டிகையாகவே கன்னடத்து வீடுகள் கொண்டாடுகின்றன. அன்றன்று காய்ச்சிய தண்ணீர் அன்றன்றே உடம்பில் விழுந்து சாக்கடைக்குப் போய்விடும். இன்று கொல்லையிலும் மாடியிலும் வைக்கிற வெந்நீர்த் தொட்டியில் அப்படி இல்லை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீரை வெதுவெதுப்பாகவே வைத்து, வாரக்கணக்கில் அதே தண்ணீரில் பலரும் இறங்குகிறார்கள். அதைக் குளியல் என்று நினைக்கிறவரை நோய் வந்துகொண்டேதான் இருக்கும்.

சொறியும் மூன்று களிம்புகளும்

இந்தச் சொறியை உண்டாக்குவது சூடோமோனாஸ் என்ற கிருமி. பெரும்பாலும் தொட்டியிலிருந்து எழுந்த ஒன்றிரண்டு நாளில் தலைகாட்டும். நீச்சலுடை ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் அதிகம். ஆரோக்கியமான ஆளுக்குப் பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். சும்மா விட்டிருந்தாலே போயிருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம் வீடுகளில் யாரும் சும்மா விடுவதில்லை. பாட்டி பார்த்தால் அம்மை. வாசலில் வேப்பிலை, மருத்துவரிடம் போகக் கூடாது. பக்கத்து வீட்டு மாமி பார்த்தால் அக்கி, கன்னடத்தில் சர்ப்பசுத்து. காவி குழைத்துப் பூசியாகிறது. பிள்ளை பார்த்தால் படர்தாமரை. சம்பிகே ரோட்டுப் பக்கம் போன கையோடு மருந்துக் கடையில் ஒரு கலப்புக் களிம்பு. அந்த டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறது. தடவிய அன்று அரிப்பும் சிவப்பும் குறையும், உள்ளே கிருமிக்கு வழி திறந்துவிடும். ஐந்தாம் நாள் புள்ளி கட்டியாகும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் என்னிடம் வருகிறவர்களின் பைகளில் பாதி தீர்ந்த டியூபுகள் இருக்கின்றன. பெயர் தெரியாத களிம்பைத் தோலில் தடவாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

சர்க்கரை நோயாளிக்கும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவருக்கும், காய்ச்சலோடு சொறி வந்தவருக்கும் பத்து நாள் பொறுக்கிற கணக்கு கிடையாது. அன்றே வர வேண்டும்.

"சுடுதண்ணியில கிருமி ஏது டாக்டர்?"

எல்லாரும் முதலில் கேட்பது இது. தொட்டித் தண்ணீர் அதிகம் போனால் 40 டிகிரி. கிருமி சாக அது போதாது. பல கிருமிகளுக்கு அதுதான் சுகமான சூடு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கிற நம் பழக்கத்தையும் இந்த வெதுவெதுப்பையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்பார்கள். கெட்ட தண்ணீர் கலங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழாய்களுக்குள்ளே, மோட்டார் பக்கத்தில், கைக்கு எட்டாத வளைவுகளில் ஒரு வழுக்கல் படலம் படியும். கிருமியின் குடியிருப்பு அதுதான். காற்றுக் குமிழிகளைத் திருப்பிவிட்டதும் அங்கிருந்து உதிர்ந்து மேலே வரும்.

குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, அதனால் மருந்து நிறைய இருக்கிறது என்று இன்னொரு நம்பிக்கை. நிலைமை நேர் எதிர். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் செலவழிந்துபோனால்தான் அந்தக் காட்டமான வாடை வரும். வாடை தூக்கலாக இருந்தால் இறங்கக் கூடாது.

பிறகு, வீட்டுச் சரக்கு. ஒருவர் வேப்பிலைக் கொத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டிருந்தார். இன்னொருவர் படிகாரம் கலக்கியிருந்தார். மஞ்சள்பொடி, ரோஜா இதழ், டெட்டால் என எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. இலையும் பூவும் மஞ்சளும் அழுகி, இருக்கிற குளோரினையும் தின்றுவிடும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரே தொட்டியில் இறங்குவது அதைவிட மோசம். எண்ணெய் வடிகட்டியை அடைத்து மருந்தை முறித்துவிடும். சீயக்காய் போட்டு நன்றாகக் குளித்து, காய்ந்த பிறகு இறங்குங்கள், அல்லது அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடரைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டுவிட்டு, கறை போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. தயவுசெய்து வேண்டாம்.

தொட்டியில் உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் குணமாகும், தொப்பை கரையும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்க்கிறேன். மூட்டுவலிக்கு வெந்நீர் இதம் தரும் என்பது உண்மை. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜக்கூஸி குடும்பம் தண்ணீரைச் சுழற்றும் பம்பை முதலில் செய்ததே, மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தங்கள் வீட்டுப் பிள்ளைக்காகத்தான். இதம் வேறு, மருந்து வேறு.

இறங்காதவருக்கும் வரும் நிமோனியா

1999இல் நெதர்லாந்தில் போவென்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. விற்பனைக்காக ஒரு வெந்நீர்த் தொட்டியை அங்கே ஓடவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக நடந்துபோனவர்களுக்கு நிமோனியா வந்து 32 பேர் இறந்தார்கள். 2019இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு சந்தையில் இதே கதை. அங்கே 4 பேர். கிருமியின் பெயர் லீஜியனெல்லா. குமிழி வெடிக்கும்போது எழும் நீர்த்தூசியில் ஏறி மூச்சுக்குள் போகும். மாடியில் பிள்ளைகள் தொட்டியில் விளையாட, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுத் தாத்தாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இரண்டு நாள் முதல் இரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், வறட்டு இருமல், சில சமயம் வயிற்றுப்போக்கு, பேச்சில் குழப்பம். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை எடுத்து விழுங்குவார்கள். இந்தக் கிருமிக்கு அது வேலையே செய்யாது. நாலு நாள் அதிலேயே போய், மூச்சு வாங்கும்போது ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த நாலு நாள்தான் உயிர்.

இன்னொன்று மெதுவாக வரும். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒன்று தொட்டியில் வளரும். அந்தத் தூசியை மாதக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கும். இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல். ஆஸ்துமா என்று பம்பு கொடுப்பதும், டி.பி. என்று சந்தேகப்படுவதும் நடக்கக்கூடியவை. பலருக்குத் தொட்டியை விட்டு விலகுவதே சிகிச்சையில் பெரிய பங்கு.

இவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனைகள்: மார்பு எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், லீஜியனெல்லாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை.

நம் பக்கத்து வலிப்பு

உலகத்தில் பல இடங்களில் அபூர்வமாகவும், தென் கர்நாடகத்தில் அடிக்கடியும் காணப்படுவது வெந்நீர் வலிப்பு. தலைக்கு மளமளவென்று சுடுதண்ணீர் ஊற்றும்போது வருவது. நம் ஊர் நிமான்ஸ் மருத்துவர்கள் 1988இலேயே 279 பேரை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். முதலில் பார்வை நிலைகுத்தும், பேச்சு சம்பந்தமில்லாமல் போகும், சிலருக்குப் பயம், சிலருக்கு இனம்புரியாத சுகம். அந்தச் சுகத்தில் இன்னும் ஊற்றிக்கொள்வார்கள். பிறகு நினைவு தப்பும். குளியலறையில் விழுந்தால் அடிபடும். மார்பளவு தண்ணீரில் நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதைப் பேய் பிடித்தது என்றும், குளிர் தாக்கியது என்றும் ஒளித்து வைக்காதீர்கள். வலிப்பு வரும்போது கையில் சாவி திணிப்பது, வெங்காயம் முகரவைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் உதவாது. முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, வெளியே எடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பலருக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே வலிப்பு நின்றுவிடுகிறது. தேவைப்பட்டால் மாத்திரையை நரம்பியல் மருத்துவர் சொல்வார். வீட்டில் ஒருவருக்கு இது இருந்தால், அவருக்கு வெந்நீர்த் தொட்டி வேண்டவே வேண்டாம்.

தள்ளி நிற்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில்: உடம்புச் சூடு ஏறுவது கருவுக்கு ஆகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இதய நோயாளிகளும், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் இறங்கக் கூடாது. வெந்நீரில் ரத்தக் குழாய் விரிந்து, எழுந்த வேகத்தில் தலை சுற்றி விழுவார்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்கள் சில மாதம் விலகியிருக்கலாம், சூட்டில் விந்தணு குறையும். மது அருந்திவிட்டு யாரும் இறங்கக் கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை.

வைக்கத்தான் போகிறீர்கள் என்றால்

ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை, ஆட்கள் தனி. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீட்டு மாடியில் பொறியாளர் பார்க்காமல் ஏற்றாதீர்கள். மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் சரியான எர்த்தும் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். தொட்டியை நிரப்ப மூடிய அறையில் கேஸ் கீசரை மணிக்கணக்கில் எரிய விடாதீர்கள். அதன் புகையில்லாத நஞ்சு பெங்களூரில் பல உயிர்களை எடுத்திருக்கிறது.

குளோரின் குறைந்தது 3 பிபிஎம், பி.எச். 7 முதல் 7.8 வரை. சோதனைப் பட்டை தண்ணீரில் முக்கினால் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். பயன்படுத்துகிற நாளில் இரண்டு தடவை பாருங்கள். சூடு 40ஐத் தாண்ட வேண்டாம், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். 1,200 லிட்டர் தொட்டியில் தினம் நாலு பேர் இறங்கினால் ஏறக்குறைய மாதம் ஒரு முறை முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில் நீச்சல் குளத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் தடை போட்டது நினைவிருக்கும். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் நாலு மாதத் தண்ணீரிலேயே உட்காருகிறார்கள். மாற்றத் தண்ணீர் இல்லையென்றால் தொட்டி வேண்டாம், அம்மா. வெளியேற்றும் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் கழிப்பறைக்கு விடலாம்.

கடைசியாகப் பிள்ளைகள். 2002இல் அமெரிக்காவில் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் அடியிலிருந்த உறிஞ்சு குழாயில் ஒட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மாவால் இழுத்தெடுக்க முடியவில்லை. 2007இல் அவள் பெயரிலேயே அங்கே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் தொட்டியின் அடி மூடி உடைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நீண்ட கூந்தலை முடிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். மேல்மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அந்தப் பூட்டை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.