ஏஐ ஏஜெண்டுக்குப் பத்துமலை தெரியுமா?

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு. கிள்ளானில் ஒரு பாட்டி பேரனிடம் கேட்கிறார்: “ஐயா, பத்துமலைக்கு ராத்திரி எத்தனை மணி வரைக்கும் ரயில் இருக்கு?” பேரன் கைப்பேசியில் உள்ள ஏஐ ஏஜெண்டிடம் அதே கேள்வியைத் தமிழில் தட்டுகிறான். “அந்தப் பெயரில் நிலையம் இல்லை” என்று பதில் வருகிறது.

இது கற்பனைக் காட்சிதான், ஆனால் நடக்கக்கூடியது. கேடிஎம் கொமுட்டர் நிலையத்தின் பெயர் ‘பத்து கேவ்ஸ்’. பத்துமலை என்றால் எந்த இடம் என்று ஏஐக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால், ரயில் நேரம் பார்க்கும் கருவிக்கு எந்தப் பெயரை, எந்த எழுத்தில் அனுப்ப வேண்டும் என்று யாரும் அதற்கு எழுதிக் கொடுக்கவில்லை.

அப்படி எழுதிக் கொடுப்பதே இன்று ஒரு வேலையாக வளர்ந்து வருகிறது.

ஏஜெண்ட் எதைப் பார்க்கிறது?

ஏஐ ஏஜெண்ட் என்பது பதில் சொல்வதோடு நிற்காமல், நமக்காக வேலையையும் செய்யும் மென்பொருள். அட்டவணை பார்க்கும், மின்னஞ்சல் அனுப்பும், டிக்கெட்டும் எடுக்கும். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு ஒரு கருவி தேவை. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் இந்த வசதியைத் தன் மாடல்களில் சேர்த்தது. கருவிகளை ஏஐயுடன் இணைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

கருவிக்குள் இருக்கும் நிரல் பொதுவாக ஏஜெண்டின் கண்ணில் படாது. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்குத் தர வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவை மட்டுமே கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த பணியாளரிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போன்றது இது. சீட்டில் இல்லாததை அவர் ஊகிப்பார். ஊகம் தவறினால் வாடிக்கையாளருக்குத்தான் சிரமம்.

நம் ரயிலே உதாரணம்

மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் கேடிஎம் அட்டவணையும், ரயில்கள் இப்போது எங்கே ஓடுகின்றன என்ற விவரமும் இலவசமாகக் கிடைக்கின்றன. உலகின் பல நகரங்கள் பயன்படுத்தும் ‘ஜிடிஎஃப்எஸ்’ வடிவத்தில் அவை உள்ளன. இவற்றைக் கொண்டு ஒரு மாணவர் ‘ரயில் நேரம்’, ‘ரயில் இருப்பிடம்’ என இரண்டு கருவிகளைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கருவிக்கு அவர் எழுதிய விளக்கம்: “ரயில் விவரம் தரும்.”

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பயனும் இல்லை. ‘ரயில் இப்போது எங்கே?’ என்று கேட்டாலும் ஏஜெண்ட் இதையே எடுக்கக்கூடும். ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நள்ளிரவைத் தாண்டும் பயணத்துக்கு 24க்கு மேலும் மணியைக் கணக்கிடுவார்கள். 25:10 என்றால் மறுநாள் அதிகாலை 1.10. இது தெரியாத ஏஜெண்ட் பாட்டிக்கு என்ன பதில் சொல்லும்?

அதே விளக்கத்தை இப்படி எழுதிப் பார்ப்போம்:

“இரண்டு கேடிஎம் நிலையங்களுக்கு இடையே ஓடும் ரயில்கள் புறப்படும் நேரத்தை அட்டவணைப்படி தரும். ரயில் இப்போது எங்கே உள்ளது என்பதை இது காட்டாது. அதற்கு ‘ரயில் இருப்பிடம்’ கருவியைப் பயன்படுத்துக. நிலையப் பெயரை ஆங்கில எழுத்தில் தருக. பத்துமலை எனக் கேட்டால் ‘பத்து கேவ்ஸ்’, பிரிக்பீல்ட்ஸ் எனக் கேட்டால் ‘கேஎல் சென்ட்ரல்’. 25:10 என்பது மறுநாள் அதிகாலை 1.10. திருவிழாக்காலக் கூடுதல் ரயில்கள் இதில் இல்லை; அந்நாள்களில் கேடிஎம் அறிவிப்பையும் பார்க்கச் சொல்க.”

என்ன செய்யும், எப்போது பயன்படுத்தக்கூடாது, எதை எப்படித் தர வேண்டும், வரும் பதிலை எப்படிப் படிக்க வேண்டும், எங்கே அதன் எல்லை முடிகிறது என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன. இதற்கு மேல் நீட்ட வேண்டாம். கருவிகள் பெருகப் பெருக, நீளமான விளக்கங்கள் ஏஜெண்டைக் குழப்பும், செலவையும் கூட்டும்.

பணம் போகும் இடத்தில்

நேரம் பார்க்கும் கருவி தவறினால் பாட்டி நடைமேடையில் காத்திருப்பார். டிக்கெட் வாங்கும் கருவி தவறினால் பணம் போகும். அத்தகைய கருவியின் விளக்கத்தில், “பணம் கழிக்கப்படும், முதலில் பயனரின் ஒப்புதலைப் பெறுக” என்ற வரி கட்டாயம் வேண்டும். ஏஜெண்ட் அதைக் கவனிக்காமலும் போகலாம் என்பதால், ஒப்புதல் இல்லாமல் பணம் நகராதபடி நிரலிலும் தடை வைக்க வேண்டும்.

மாணவர்களே, நீங்களும் முயலலாம்

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். பள்ளி நூலகத்தில் புத்தகம் தேடித் தரும் கருவி ஒன்று இருப்பதாக நினைத்து, ஐந்து வரிகளில் அதன் விளக்கத்தை எழுதுங்கள். நூலகத்தைப் பற்றி அறியாத நண்பரிடம் கொடுத்து, பத்துக் கேள்விகள் கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். ஏஜெண்டுகளுக்குக் கருவி செய்பவர்களும் இப்படித்தான் கேள்விகளைக் கொடுத்துச் சோதித்து, விளக்கத்தைத் திருத்துகிறார்கள்.

இந்த வேலையில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு பலம் உண்டு. அட்டவணையில் உள்ள பெயரும் தெரியும், பாட்டி சொல்லும் பெயரும் தெரியும். அந்த இரண்டையும் சேர்த்து எழுத ஒருவர் இருந்தால், அடுத்த தைப்பூசத்துக்குப் பாட்டியின் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.